வெஸ்ட் பாயிண்ட் கப்பலின் தபால் உறைகள்: ஒரு கலவைப் பெட்டியைப் படித்து, சுத்தம் செய்து, அடுக்கிய பதிவு

மேஜைமேல் இருப்பது யு.எஸ்.எஸ். வெஸ்ட் பாயிண்ட் என்ற அமெரிக்கக் கடற்படைத் துருப்புக் கப்பல் (கப்பல் எண் ஏபி-23) சம்பந்தப்பட்ட கலவைப் பெட்டி. அறுபது சொச்சம் தபால் உறைகள், பாதி உறைகளுக்குள் கடிதமும் இருக்கிறது. படச்சுருளில் எடுத்து அச்சடித்த போர்க்காலக் கடிதங்களான வி-மெயில் அச்சுகள் சில. பூமத்திய ரேகை தாண்டியவருக்குக் கொடுக்கும் நெப்டியூன் சான்று அட்டை ஒன்று. கூடவே துருப்பிடித்த ஜெம் கிளிப், இளகி மறுபடி இறுகிய ரப்பர் பேண்ட், தேன் நிறத்துக்கு வந்துவிட்ட செல்லோடேப். ஏலத்தில் வரும் பெட்டி இப்படித்தான் இருக்கும்.

இத்தகைய பெட்டியில் கைவைக்கும்முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியபின் கப்பல் தபால் முத்திரைகளிலிருந்து கப்பலின் பெயர் எடுக்கப்பட்டு, 'யு.எஸ். நேவி' என்று மட்டும் இருந்தது. கடிதத்தில் ஊர் பெயர் எழுதக்கூடாது. ஆக, எந்தக் கப்பல், எந்தக் கடல் என்பதைச் சொல்லும் சான்றுகள் எல்லாம் ஓரத்தில்தான் கிடக்கின்றன: மூலையில் கையால் எழுதிய 'ஃப்ரீ', சென்சார் (தணிக்கை) அதிகாரி பென்சிலில் போட்ட சுருக்கொப்பம், அனுப்புநர் முகவரியில் மாலுமி கப்பலில் எந்தப் பிரிவு என்று காட்டும் டிவிஷன் எழுத்து, உறையின் பின்பக்கம் யாரோ குறித்துவைத்த 'பதில் போட்டாச்சு' தேதி. அழிரப்பரோடு உட்கார்ந்தால் முதலில் போவது இவைதான். அதனால் வரிசை மாறக்கூடாது: படிப்பது, ஸ்கேன் செய்வது, அட்டவணையில் ஏற்றுவது, அதன்பிறகே சுத்தம்.

கப்பலின் நாட்காட்டி

உறைகளைத் தேதிவாரியாக அடுக்குவதற்கு முன்னால் கப்பலின் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் தாளின் சாரம் இது.

வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் 1938 ஆகஸ்ட் 22 அன்று வேலை தொடங்கியது. 1939 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் கையால் நீரில் இறக்கப்பட்டது. அப்போது பெயர் 'அமெரிக்கா', யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் நிறுவனத்தின் 723 அடி நீளப் பயணிகள் கப்பல். மறுநாளே ஐரோப்பாவில் போர் மூண்டது. நடுநிலை நாட்டுக் கப்பல் என்று தெரிவதற்காக இரு பக்கமும் பெரிய அமெரிக்கக் கொடியும் பெயரும் எழுதிக்கொண்டு, 1940 ஆகஸ்டில் சேவைக்கு வந்தது. (எஃப்.பி.ஐ. 1941-இல் பிடித்த டுகேன் என்ற ஜெர்மன் ஒற்றர் கும்பலில் இருவர் இந்தக் கப்பலின் ஊழியர்கள். அவர்கள் கையெழுத்தில் ஏதேனும் உறை கிடைத்ததாக யாராவது விற்க வந்தால் பர்ஸை மூடிக்கொள்வது உத்தமம்.)

1941 ஜூன் 1 அன்று கடற்படை எடுத்துக்கொண்டது. ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, வெஸ்ட் பாயிண்ட் என்ற பெயரில் பணியில் சேர்ந்தது. முதல் தலைவர் கேப்டன் ஃப்ராங்க் எச். கெல்லி. ஜூலை 16 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பி, மூடப்பட்ட ஜெர்மன், இத்தாலியத் தூதரகங்களின் ஊழியர்களை லிஸ்பனில் இறக்கி, அமெரிக்கத் தூதரக ஊழியர்களை ஏற்றிக்கொண்டு ஆகஸ்ட் 1 அன்று திரும்பியது.

அடுத்தது எல்லாரும் தேடும் பயணம். 1941 நவம்பர் 10, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம். பிரிட்டனின் 18-ஆம் டிவிஷன் வீரர்களை ஏற்றிக்கொண்டு டபிள்யூ.எஸ்.-12எக்ஸ் என்ற அணியில் ஆறு அமெரிக்கத் துருப்புக் கப்பல்கள் கிளம்பின. வெஸ்ட் பாயிண்டோடு வேக்ஃபீல்டும் மவுண்ட் வெர்னனும் உண்டு. அமெரிக்கா அன்று போரில் இல்லை. டிரினிடாட் வழியாகப் போய் டிசம்பர் 9 அன்று கேப்டவுனைத் தொடும்போது பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. டிசம்பர் 27 பம்பாய். 1942 ஜனவரி 29 சிங்கப்பூர். மறுநாள் கெப்பல் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் போட்ட குண்டில் வேக்ஃபீல்டில் ஐந்து பேர் இறந்தனர். வெஸ்ட் பாயிண்ட் தப்பியது; ஆயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகளை ஏற்றிக்கொண்டு பட்டாவியா, கொழும்பு வழியாகப் பம்பாய் போய்ச் சேர்ந்தது. இறங்கிய 18-ஆம் டிவிஷன்காரர்கள் பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டார்கள். அந்த வீரர்களின் குடும்பங்களில் கேப்டவுன், பம்பாய்த் தபால்கள் ஏன் பத்திரமாக இருந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பலருக்கும் அதன்பிறகு வெகுநாள் கடிதமே வரவில்லை.

பிறகு சூயஸிலிருந்து ஆஸ்திரேலியப் படையினரை அவர்கள் நாட்டுக்குக் கொண்டுபோனது, பிறகு பெரும்பாலும் அட்லாண்டிக். வேகமான கப்பல் ஆகையால் துணைக்கப்பல் இல்லாமல் தனியாகவே ஓடியது. 1944-இல் ஒரே நடையில் 9,305 பேர் வரை ஏற்றியிருக்கிறது; போர் முழுவதும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்கு மேல். 1946 பிப்ரவரியில் கடற்படைப் பணி முடிந்து மறுபடி 'அமெரிக்கா' ஆனது. 1964-இல் சாண்ட்ரிஸ் நிறுவனத்துக்குப் போய் 'ஆஸ்திராலிஸ்' ஆனது. 1994 ஜனவரியில் ஃபூர்டெவெஞ்சுரா தீவருகே தரைதட்டி உடைந்தது. நம் பெட்டிக்கு 1946-க்குப் பிந்தியவை வேண்டாம், தனியாக எடுத்து வைத்துவிடலாம்.

பெயர்க் குழப்பம்

ஏலப் பட்டியலில் 'வெஸ்ட் பாயிண்ட்' என்று தேடினால் வருவதில் பாதி நியூயார்க் மாநிலத்து ராணுவ அகாடமி ஊரின் தபால்கள். 1937 மே 26 அன்று வெளியான 5 செண்ட் அஞ்சல்தலையில் இருப்பதும் அந்த அகாடமிதான், கப்பல் இல்லை. முத்திரையில் ஊர் பெயரோடு 'என்.ஒய்.' இருந்தால் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

'யு.எஸ்.எஸ். அமெரிக்கா' என்று வருவது இன்னொரு வலை. அது முதல் உலகப் போர்க் காலத்துக் கப்பல். 'அமெரிக்கா' என்ற ஜெர்மன் கப்பலைக் கைப்பற்றித் துருப்பு ஏற்றினார்கள். இரண்டாம் போரில் அதுவே 'எட்மண்ட் பி. அலெக்சாண்டர்' என்று ஓடியது. நம் கப்பல் 'அமெரிக்கா'வாக இருந்தபோது கடற்படையில் இல்லை, கடற்படையில் இருந்தபோது 'அமெரிக்கா'வாக இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீரும். மவுண்ட் வெர்னனுக்கும் இதே சிக்கல்: 1917-19 காலத்தில் ஒன்று, 1941-46 காலத்தில் ஒன்று. வேக்ஃபீல்டில் வேறொரு சங்கதி உண்டு. 1942 செப்டம்பர் 3 அன்று நடுக்கடலில் எரிந்து, பாஸ்டனில் புதுப்பித்து, 1944 பிப்ரவரியில்தான் மறுபடி பணிக்கு வந்தது. இடைப்பட்ட தேதியில் 'வேக்ஃபீல்டிலிருந்து, அட்லாண்டிக் நடுவே' என்று விற்பனைக் குறிப்பு இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மேஜையில் முதல் பார்வை

வேண்டியவை: 10 மடங்கு லூப் (கைக்கு அடக்கமான உருப்பெருக்கி), 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய மேஜை விளக்கு, அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு அளவுகோல், முனை மழுங்கிய ஸ்பேட்டுலா, 2பி பென்சில். பேனா அந்த மேஜைக்கே வரக்கூடாது. கையுறை தேவையில்லை, கை கழுவித் துடைத்தால் போதும். பருத்திக் கையுறையோடு மெல்லிய தாளைப் புரட்டினால் ஓரம் கிழிவதுதான் மிச்சம்.

ஒவ்வொரு உறையிலும் முதலில் கட்டணம். கப்பலில் பெயரோடு முத்திரை குத்திய 1941-இல் சாதாரணத் தபாலுக்கு 3 செண்ட். 1941 டிசம்பர் 25 முதல் வெளிநாட்டிலும் கடலிலும் இருந்த படையினருக்கு அரை அவுன்ஸுக்கு 6 செண்ட் என்ற சலுகை விமானக் கட்டணம். அதனால்தான் இரட்டை எஞ்ஜின் விமானம் போட்ட 6 செண்ட் சிவப்புத் தலை இந்தப் பெட்டிகளில் மலிந்து கிடக்கிறது. 1942 ஏப்ரல் 1 முதல் சாதாரணத் தபால் இலவசம்: அஞ்சல்தலை ஒட்டும் மூலையில் 'ஃப்ரீ' என்று அனுப்புபவர் தன் கையால் எழுத வேண்டும். அந்தத் தேதிக்கு முந்திய முத்திரையோடு 'ஃப்ரீ' வந்தால் ஏதோ சரியில்லை. விமானத் தபாலுக்கும் பதிவுத் தபாலுக்கும் இலவசம் கிடையாது. 'ஃப்ரீ' எழுதி அதன்மேல் 6 செண்ட் தலை ஒட்டியிருந்தால், எழுதியவர் பிறகு விமானத்தில் அனுப்ப நினைத்திருக்கிறார் என்று கொள்ளலாம், பயப்பட வேண்டாம்.

அடுத்தது முத்திரை. கப்பல் தபாலகங்கள் 1908 சட்டத்தின்கீழ் வந்தவை, கப்பலிலேயே ஒரு மாலுமி தபால் எழுத்தராக இருந்து குத்துவார். 1932-இல் தொடங்கிய யுனிவர்சல் ஷிப் கேன்சலேஷன் சொசைட்டி இந்த முத்திரைகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. வகைப்படுத்தும் முறைக்கு லோசி முறை என்று பெயர்; அடிப்படை வடிவத்துக்கு ஓர் எண், வேறுபாட்டுக்கு ஓர் எழுத்து. அதில் தேடுவதற்கு உங்களிடம் இருக்க வேண்டியவை: வட்டம் ஒற்றையா இரட்டையா, வெளிவட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர் சுத்தமாக, பக்கத்துக் கம்பிகள் (அஞ்சல்தலைமேல் விழும் கோடுகள்) எத்தனை, கம்பிகளுக்கு இடையே எழுத்து உண்டா. ரப்பர் முத்திரை கனமாகக் குத்தும்போது பரந்துவிடும். ஒரே முத்திரை இரண்டு உறையில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டினால் வேறு முத்திரை என்று துள்ளிக் குதிக்க வேண்டாம்.

சென்சார் முத்திரை பெரும்பாலும் ஊதா மையில், 'பாஸ்ட் பை நேவல் சென்சார்' என்று வட்டத்திலோ கட்டத்திலோ. உள்ளே அதிகாரியின் சுருக்கொப்பம். மாலுமிகள் உறையை ஒட்டாமல் கொடுத்து, அதிகாரி படித்தபின்தான் ஒட்டினார்கள். ஆகவே கடற்படைத் தபாலில் பக்கவாட்டைக் கிழித்து 'எக்சாமின்ட் பை' என்ற எண் போட்ட நாடா ஒட்டியிருந்தால் அது கப்பலில் நடந்ததில்லை. சிவில் தணிக்கையாளர் வழியாகப் போயிருக்கிறது, பெறுநர் முகவரி வெளிநாடா என்று பாருங்கள்.

அனுப்புநர் முகவரிதான் தலையாயது. மாலுமியின் பெயர், பதவி, டிவிஷன், 'யு.எஸ்.எஸ். வெஸ்ட் பாயிண்ட், மேற்பார்வை ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ், நியூயார்க்' என்று இருக்கும். கப்பல் இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடாதே தவிர, பதில் வருவதற்காகக் கப்பல் பெயரை எழுதலாம். 'நேவி 128' போல எண் மட்டும் இருந்தால் அது கரையில் உள்ள தளம். 128 என்பது பேர்ல் ஹார்பர். கப்பலில் போன தரைப்படை வீரர்களின் தபால் வேறு கதை. அவர்கள் கப்பல் பெயரை எழுதமாட்டார்கள், தற்காலிக ஏ.பி.ஓ. (ராணுவத் தபாலகம்) எண்தான் இருக்கும், உள்ளே 'கடலில் எங்கோ' என்பதோடு சரி. அந்த உறைகளை வெஸ்ட் பாயிண்டின் கணக்கில் எழுத, கடிதத்துக்குள்ளோ படைப்பிரிவின் வரலாற்றிலோ தனிச் சான்று வேண்டும். நம்பிக்கையின்பேரில் ஏற்றக்கூடாது.

பொய்யும் ஒட்டுவேலையும்

பெயருள்ள 1941 முத்திரைக்கும் சிங்கப்பூர்ப் பயணத் தேதிகளுக்கும் விலை அதிகம், அதனால் கைவரிசையும் அதிகம். பெட்டியில் உள்ள ஓர் உறையை எடுத்துக்கொள்வோம். 1942-ஆம் ஆண்டின் 'யு.எஸ். நேவி' முத்திரை, இடப்பக்கம் நீல மையில் கப்பல் படம், அதற்குக் கேஷே என்று பெயர். முகவரி 'புரூக்ளின் 9, நியூயார்க்'. ஊர் பெயருக்குப் பின்னால் இப்படி மண்டல எண் எழுதும் வழக்கம் அமெரிக்காவில் 1943 மே 1 அன்றுதான் வந்தது. லூப்பில் பார்த்தால் முகவரிக் கோடுகளின் நடுவில் வெளுத்த ஒரு தடம், வளைவுகளில் பிசுபிசுத்த மைக்கட்டி: பால்பாயிண்ட். பால்பாயிண்ட் பேனா நியூயார்க் கடைக்கு வந்தது 1945 அக்டோபர் 29. ஆக, முகவரியில்லாத உறையில் முத்திரை மட்டும் முன்பே விழுந்திருந்து, பிறகு யாரோ முகவரியை நிரப்பியிருக்கிறார். முத்திரை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது தபாலில் போன உறை அல்ல, அந்த விலையும் அதற்குக் கிடையாது.

அதே உறையை இருட்டில் புற ஊதா டார்ச்சில் காட்டினால் தாள் மங்கலான பழுப்பாகத் தெரிகிறது. அது நல்ல குறி. வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்த தாள் போருக்குப் பிந்தியது; பளீரென்று நீலவெள்ளையாக மின்னினால் 1942 முத்திரை அதன்மேல் நியாயமாக விழுந்திருக்க முடியாது. தாள் மங்கலாக இருந்து கேஷேயின் மை மட்டும் மின்னினால், பழைய உறையில் புதிய படம். இந்த ஒரு டார்ச் நிறையச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். லூப்பை விட முதலில் வாங்க வேண்டியது இதுதான். அஞ்சல்தலையின் வெளியீட்டு நாளையும் பாருங்கள்: கழுகு சிறகு விரித்த 3 செண்ட் 'வின் தி வார்' தலை 1942 ஜூலை 4-க்கு முன் கிடையாது.

ஸ்கேன், அட்டவணை

600 டிபிஐ, டிஃப் கோப்பு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், ஓரத்தில் அளவுகோல், பின்னால் கறுப்புத் தாள். கறுப்புத் தாள் இல்லாவிட்டால் சென்சார் வெட்டி எடுத்த துளைகள் ஸ்கேனில் வெள்ளைத் தாளாகவே தெரியும். கோப்புப் பெயரில் தேதி முன்னால்: 1943-05-02, பிறகு வரிசை எண். ஸ்கேனரின் மூடியை அழுத்தாதீர்கள். மடிந்த மூலை அங்கேயே உடையும்.

அட்டவணையில் எழுதிய தேதி, முத்திரைத் தேதி, கட்டணம், சென்சார் சுருக்கொப்பம், டிவிஷன், கப்பல் இருந்த இடம் என்று கட்டங்கள். இதில் எழுதிய தேதியும் முத்திரைத் தேதியும் தனித்தனியாக இருப்பதுதான் முக்கியம். தபால் கப்பலை விட்டு இறங்குவது துறைமுகத்தில்தான். நடுக்கடலில் ஆறு நாளில் ஆறு பேர் எழுதிய கடிதங்கள் ஒரே தேதி முத்திரையோடு வருவதுண்டு. எழுத்தர் மூட்டை கட்டும் நாளில் மொத்தமாகக் குத்தியிருப்பார். அட்டவணையை முத்திரைத் தேதிப்படி அடுக்கினால் தேதிகள் கொத்துக் கொத்தாக நிற்கும். கொத்துகளைக் கப்பல் நாட்காட்டியின்மேல் வைத்தால் பெரும்பாலும் துறைமுகத்தை ஒட்டி விழும். எந்தக் கொத்திலும் சேராமல் தனியே நிற்கும் தேதியை மறுபடி லூப்பில் படிக்க வேண்டும். 3-ஐ 8 என்று படித்திருப்போம், அல்லது அது வேறு கப்பலின் உறையாக இருக்கும்.

கப்பல் இருந்த இடத்துக்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள டெக் லாக் (கப்பலின் அன்றாடப் பதிவேடு), போர் நாட்குறிப்பு இரண்டும் மூலம். மாலுமி அந்தத் தேதியில் கப்பலில் இருந்தாரா என்பதற்கு அங்கேயே மஸ்டர் ரோல்கள் (கப்பல் ஆட்களின் பெயர்ப் பட்டியல்) உண்டு. சுருக்க வரலாறுகளை நம்பி இடம் குறிக்காதீர்கள். அவற்றில் புறப்பட்ட நாளும் சேர்ந்த நாளும் இருக்கும், நடுவில் நின்ற இடம் விட்டுப்போயிருக்கும். 1941 ஜூலை 16 முதல் ஆகஸ்ட் 1 வரையிலான பெயர் முத்திரை லிஸ்பன் பயணத்தைச் சேர்ந்தது என்று நாட்காட்டியை வைத்தே சொல்லலாம். அதை லிஸ்பன் துறைமுகத்தில் குத்தியது என்று எழுத, டெக் லாக் வேண்டும்.

சென்சார் சுருக்கொப்பம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே சுருக்கொப்பம் அனுப்புநர் முகவரி உள்ள பத்து உறைகளில் வெஸ்ட் பாயிண்டோடு வந்தால், முகவரி கிழிந்துபோன பதினோராவது உறையையும் அதே கப்பலுக்குச் 'சாத்தியம்' என்ற அளவில் சேர்க்கலாம். அந்த ஒப்பம் பென்சிலில் இருக்கிறது. அழிரப்பர் இன்னும் எடுக்கப்படாததற்குக் காரணம் அதுவே.

சுத்தம்

தூசியை மென்மையான அகலத் தூரிகையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு. அதற்குமேல் அழுக்கு இருந்தால் வெள்ளை வினைல் அழிரப்பரைச் சின்னத் துருவலில் துருவி, அந்தத் தூளை விரல் நுனியால் வட்டமாக உருட்ட வேண்டும், தேய்க்கக்கூடாது. எழுத்து, முத்திரை, பென்சில் இருக்கும் இடத்தைப் பாலியெஸ்டர் தாளால் மறைத்துக்கொண்டு வெறும் தாளில் மட்டும். தூளை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். மடிப்பில் தங்கினால் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும்.

ஜெம் கிளிப்பை இழுத்தால் துருவோடு தாளும் வரும். இரு பக்கமும் கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே பாலியெஸ்டர் துண்டைச் செருகி, கடிதத்தை மேஜையில் அழுத்திப் பிடித்து, கிளிப்பின் உள்வளையத்தை ஸ்பேட்டுலாவால் மேலே விரித்தால் தானாகக் கழன்றுவிடும். துருக்கறை அப்படியே இருக்கட்டும். எலுமிச்சை, உப்பு என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அமிலம் தாளில் தங்கிக் கறையை விடப் பெரிய ஓட்டையைப் பின்னால் போடும்.

ரப்பர் பேண்ட் எச்சத்தில் இறுகி நொறுங்குவதை ஸ்கால்பலை (அறுவைக் கத்தி) ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்துச் சீவலாம். பிசுபிசுப்பைப் பசை எடுக்கும் கிரேப் ரப்பர் துண்டால் ஒற்றி எடுக்கலாம். அதில் உள்ள கந்தகம் தந்த பழுப்புக் கோடு போகாது.

தண்ணீர் தொடும் எந்த வேலைக்கும் முன் மைச் சோதனை. மிக நுண்ணிய தூரிகையில் ஒரு பொட்டு நீர், எழுத்தின் ஓரத்தில் தொட்டு, பத்து விநாடி கழித்து ப்ளாட்டிங் தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து நீல ஊற்றுப்பேனா மை பெரும்பாலும் கரையும். சென்சாரின் ஊதா முத்திரை மை அதைவிட மோசம், ஈரக்காற்றே போதும் அது பரவ. ஆகவே ஊதா முத்திரை உள்ள உறைக்கு ஈரப்பதம் காட்டுவது என்ற பேச்சே இல்லை.

ஆல்பம் தாளோடு ஒட்டிய ஹிஞ்ச் (கோந்து தடவிய சின்னக் காகிதத் துண்டு) உறையின் பின்பக்கம், முத்திரையிலிருந்து எட்டி இருந்தால், மெத்தில்செல்லுலோஸ் பசை நல்லது. 100 மில்லி காய்ச்சி வடித்த நீருக்கு 4 கிராம் தூள். நீரில் மூன்றில் ஒரு பங்கை 80 டிகிரிக்குச் சூடாக்கித் தூளைக் கலக்க வேண்டும், மீதியைக் குளிரக் குளிர ஊற்ற வேண்டும், இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். எல்லாத் தூளையும் பச்சைத் தண்ணீரில் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே தூளுமாகக் கட்டிதட்டிவிடும். சூடான நீரில் அது கரையாமல் பிரிந்து நிற்கும், குளிரும்போது சீராகக் கரையும். இந்தக் கெட்டிப் பசையை ஹிஞ்சின்மேல் மட்டும் தடவி, பாலியெஸ்டர் துண்டால் மூடி 5 முதல் 7 நிமிடம். பிறகு ஸ்பேட்டுலா தானாக உள்ளே போகும். போகவில்லை என்றால் பழைய பசையைத் துடைத்துப் புதிதாக ஒருமுறை, வலுக்கட்டாயம் கூடாது.

மைச் சோதனையில் தேறிய, உறை இல்லாத மடிந்த கடிதங்களுக்கு மட்டும் ஈர அறை: மூடியுள்ள பிளாஸ்டிக் தட்டு, அடியில் ஈர ப்ளாட்டிங் தாள், மேலே வலை, வலைமேல் கடிதம், 30 முதல் 60 நிமிடம். தளர்ந்ததும் உலர்ந்த ப்ளாட்டிங் தாள்களுக்கு நடுவே, மேலே கண்ணாடி, அதன்மேல் 3 கிலோ. அரைமணியில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். உறைகளை இதில் வைத்தால் மூடியின் கோந்து உயிர்பெற்று உறை தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும்.

வி-மெயில் அச்சு காகிதக் கடிதம் இல்லை, புகைப்படத் தாள். 1942 ஜூன் 15 முதல் 1945 நவம்பர் 1 வரை நடந்த இந்த முறையில் கடிதத்தைப் படச்சுருளில் எடுத்து, ஊர் போய்ச் சேர்ந்தபின் சுமார் 4¼ × 5¼ அங்குலத்தில் அச்சடித்தார்கள். அதற்கு அழிரப்பரும் ஈரமும் இரண்டுமே ஆகாது. தூரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செல்லோடேப்பில் மேல்தாள் தானாக உதிர்ந்திருந்தால் மிச்சப் பசையைக் கிரேப் ரப்பரால் ஒற்றலாம். ஒட்டியே இருந்தால் தொடாமல், காப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. அசிட்டோன் டேப்பைக் கழற்றும், கூடவே முத்திரை மையையும் கழுவிவிடும். சென்சார் வெட்டிய துளையை அடைக்கக்கூடாது, அதுவும் ஆவணம்தான்.

வைப்பு

ஒவ்வொன்றும் 75 மைக்ரான் பாலியெஸ்டர் உறையில், பி.வி.சி. வேண்டவே வேண்டாம். முகர்ந்து பார்த்தால் புது ரெக்சின் வாடை அடிக்கும் உறை பி.வி.சி.தான், அதன் மென்மையூட்டி வெளியேறி மையை இழுத்துக்கொள்ளும். பக்கமாக அடுக்குவதானால் 160 ஜிஎஸ்எம் அமிலமற்ற தாள், பாலியெஸ்டர் மூலைகள், கோந்து எதுவும் உறையைத் தொடாமல். வி-மெயிலுக்குச் சுண்ணம் சேர்க்காத தாள் தனியாக.

நம் கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். காற்றுப்புகாப் பெட்டிக்குள் ஹைக்ரோமீட்டரும் சிலிக்கா ஜெல்லும் வைத்து 40 முதல் 50-க்குள் நிறுத்த வேண்டும். ஜெல்லை அளவின்றிப் போட்டால் 30-க்குக் கீழே போய் உறைகள் வளையும், அஞ்சல்தலைகள் சுருளும். 20 லிட்டர் பெட்டிக்கு 100 கிராமில் தொடங்கி மீட்டரைப் பார்த்துக் கூட்டுங்கள். நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரி அடுப்பில் உலர்த்தி, முழுக்க ஆறியபின் வைக்கலாம். பாச்சை உருண்டை கூடாது, அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கி ஒட்டவைக்கும். வெள்ளிப்பூச்சிக்குப் பெட்டியின் மூடி இறுக்கமாக இருப்பதே மருந்து. பூஞ்சை வந்த உறையை அன்றே பிரித்துத் தனிப் பையில் போட்டு, உலர்ந்தபின், என்-95 முகக்கவசத்தோடு வெளியில் வைத்துத் துலக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது துலக்கினால் பூஞ்சை நாருக்குள் தேய்ந்து இறங்கிவிடும்.

பக்கக் குறிப்பில் மூன்று நிலைதான்: உறுதி, சாத்தியம், தெரியாது. கப்பல் பெயர் முத்திரையிலோ அனுப்புநர் முகவரியிலோ இருந்தால் உறுதி. சுருக்கொப்பமோ தேதிக் கொத்தோ மட்டும் என்றால் சாத்தியம். ஏ.பி.ஓ. எண் மட்டும் உள்ள துருப்புத் தபால்கள் இந்தப் பெட்டியில் ஒன்பது. ஒன்பதும் இப்போதைக்கு மூன்றாம் வகையில், தனிக் கோப்பில். புரூக்ளின் உறையும் அங்கேதான், பால்பாயிண்ட், மண்டல எண் என்ற குறிப்போடு.